மூன்று தூண்களுக்கு நடுவில் ஒரு சட்டைப் பொத்தான்

வாதத்தில் வெல்வது ஒரு கலை. வென்ற பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது வேறொரு கலை. முதற்கலைக்கு என்னிடம் பதினேழு கோப்பைகள் இருக்கின்றன. அவற்றைத் துடைத்து வைப்பதே வீட்டில் ஒரு தனி வேலை. இரண்டாவது கலையில் என் தேர்ச்சி எத்தகையது என்பதற்கு ஆறு காட்டுப்பன்றிகளும் ஒரு வனவரும் என் அக்காள் கணவரும் சாட்சி. பன்றிகள் பேசா. மற்ற இருவரும் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது நான் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிடப் பேசினேன் என்பதே பொருத்தம். புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தப் பள்ளி ஆண்டு விழாவிலும் எந்தக் கோயில் திருவிழா மேடையிலும் சொற்போர் என்று அறிவித்தால் எந்த அணிக்காவது நான் தலைவனாக இருப்பேன். எந்த அணி என்பது எனக்குப் பொருட்டில்லை. சீட்டில் எது விழுகிறதோ அதுவே என் உயிர்க் கொள்கை. (வீட்டில் ரசம் கேட்கும்போதுகூட "இந்த அவையின் முன் என் பணிவான வேண்டுகோள்" என்று தொடங்கியவன் நான். அம்மா ரசச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விடுவாள்.)

வெற்றிக்கென்று நானாகவே ஒரு விதி வகுத்து வைத்திருந்தேன். எதிரணிக்காரர் பேச்சுவாக்கில் "அது சரிதான்" என்று ஓரிடத்தில் இறங்கி வந்துவிட்டால், அந்தச் சொல்லின் சூடு ஆறுவதற்குள் எழுந்துவிட வேண்டும். மேடையின் நடுவுக்கு வர வேண்டும். எதிராளியைப் பார்க்கக் கூடாது. நடுவரைப் பார்க்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டதை முழுக்குரலில் அறிவிக்க வேண்டும். என் கோப்பைகளில் பாதி இந்த அசைவுகளால் வந்தவை. பழகிப் பழகி அது மூளையைக் கேட்காமல் கால்களே செய்யும் வேலையாகிவிட்டிருந்தது. பேருந்தில் நடத்துநர் "நீங்க சொல்றது சரிதான் தம்பி" என்று சொல்ல, நான் எழுந்து நின்று, என் இருக்கையை வேறொருவர் பிடித்துக்கொண்ட வரலாறும் உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விராலிமலைக்குத் தெற்கே எங்கள் ஊர். ஊரின் கிழக்குக் கடைசியில் வள்ளிக்கண்ணு அத்தைக்கு இரண்டு ஏக்கர் நிலம். (உறவுமுறைப்படி அத்தை இல்லை, தெருவில் எல்லோருக்கும் அத்தை.) மார்கழியில் விதைத்த கடலை, பங்குனியில் பிடுங்கும் பக்குவத்துக்கு வந்துகொண்டிருந்தபோது, கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவையிலிருந்து பன்றிகள் இறங்கத் தொடங்கின. பன்றி கடலையைத் தின்பதோடு நிற்பதில்லை. மூக்கால் உழுது, செடியைப் புரட்டி, தின்னாததையும் கெடுத்துவிட்டுத்தான் போகும். ஒரு வாரத்தில் ஓர் ஏக்கர் போயிற்று. அத்தை தகரம் தட்டினாள், கத்தினாள், பழைய சேலைகளைக் கட்டினாள். நாலு நாளில் பன்றிகள் தகரத்துக்கும் பழகிக்கொண்டன, அத்தைக்கும் பழகிக்கொண்டன. கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போய், காற்று மட்டுமே வந்தது. மீதமிருந்த ஓர் ஏக்கர்தான் அவளுடைய அந்த வருஷம். கடலை முற்ற இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது.

மனுக் கொடுத்து, கிராமக் குழு கூடி, காப்புக்காட்டிலிருந்து நிலம் எவ்வளவு தொலைவு என்றெல்லாம் அளந்து, கடைசியில் வனத்துறை ஆளே வந்து சுடுவதென்று உத்தரவாயிற்று. மூன்று மாலைகள் மட்டும். அதற்குள் முடியாவிட்டால் மறுபடியும் மனு, மறுபடியும் குழு; அதற்குள் கடலை பன்றி வயிற்றில் இருக்கும். சுடுவதற்குப் பயிற்சி பெற்று வந்திருந்தவர் வனக்காப்பாளர் சேகர். என் அக்காள் கணவர், எனக்கு அத்தான். காகிதத்தில் நிறையச் சுட்டிருந்தார். உயிருள்ள ஒன்றைச் சுடச் சொல்லி வந்த முதல் உத்தரவு அது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமே இருந்திராது.

"ஆபீஸ்ல ரெண்டு ஸ்கோப்பு இருக்கு. ஒண்ணு புதுசு. இன்னொண்ணு பழைய ஜெர்மன் காரன் மாடலு. பழச எவன் மாட்டுவான்? புதுசுதான். அதுல ரெண்டாவது பேச்சே கெடையாது."

இரண்டாவது பேச்சே கிடையாது! என் எதிரில் அமர்ந்து, என் அக்காள் வைத்த குழம்பை ஊற்றிக்கொண்டு, ஒருவர் இப்படிச் சொல்வதா? ஸ்கோப்பு என்றால் துப்பாக்கியின் மேல் மாட்டும் தொலைநோக்கி என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் அதுவரை பிடித்த ஒரே துப்பாக்கி தீபாவளித் துப்பாக்கி. ஆயினும் நிமிர்ந்து அமர்ந்து சொன்னேன்: "மறுக்கிறேன். பழைய ஜெர்மன் மாதிரியே சிறந்தது."

"எப்படி?" என்றார் அத்தான்.

"நாளை விடையளிக்கிறேன்."

"சாதாரணமாப் பேசுடா, சோறு ஆறுது" என்றாள் அக்கா.

அன்றிரவும் மறுநாளும் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். சீட்டில் விழுந்த தலைப்பைப் போலத்தான் எடுத்தேன். ஆனால் படிக்கப் படிக்க எனக்கே மெய்யாகவே அதில் காதல் பிறந்துவிட்டது. ஸ்கோப்பின் வட்டத்துக்குள் தெரிகிற கோடுகளுக்குத்தான் குறிக்கோடு என்று பெயர் வைத்துக்கொண்டேன். புது ஸ்கோப்பில் அவை நூல்போல் மெலிந்த இரு கோடுகள்; கூட்டல் குறிபோல் நடுவில் வெட்டிக்கொள்ளும். பழைய ஜெர்மன் வகையில் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என மூன்று தடித்த தூண்கள். கீழிருந்து எழும் தூணுக்குக் கூர்மையான முனை. குண்டு போய்ச்சேரும் இடம் அந்த முனை. மேற்புறத்தில் எதுவுமில்லை, திறந்த வெளி. அந்த நாட்டு வேட்டைக்காரர்கள் பன்றிக்காகப் பரண் ஏறிக் காத்திருக்கும் பொழுது பட்டப்பகல் அன்று, மங்கும் மாலை. அந்த மங்கலுக்கென்றே பிறந்த கோடுகள் அவை.

திங்கட்கிழமை மாலை அத்தான் வீட்டில் வாதம் கூடியது. வனவர் ஐயாவும் ஏதோ பதிவேட்டில் கையெழுத்து வாங்க வந்திருந்தார். அத்தானுக்கு மேலதிகாரி, ஐம்பது வயதைத் தாண்டியவர், அளந்து பேசுபவர். நடுவர் ஒருவர் தானாகவே வந்து சேர்ந்ததை நான் நல்ல சகுனமாகக் கொண்டேன்.

"புது ஸ்கோப்பு எதற்காக, அத்தான்? பட்டப்பகலில் வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு வட்டத்தைச் சுடுவதற்கு. நீங்கள் சுடப்போவதோ கறுப்புப் பன்றியை, கறுத்த புதரின் முன்னால், கறுக்கும் பொழுதில். நூல்போன்ற கோடு அங்கே இருக்குமா, இருந்ததென்று நம்ப வேண்டியிருக்குமா?"

"அதுக்குத்தான் புதுசுல நடுவுல செவப்புப் புள்ளி எரியுதே. பேட்டரி போட்டா போதும்."

"மின்கலத்தை நம்பி ஒரு பெண்ணின் ஓர் ஏக்கரை அடகு வைப்பீர்களா? மேலும், இருட்டுக்குப் பழகிய கண்ணில் எரிகிற புள்ளி, பன்றியைக் காட்டுமா, தன்னைத்தானே காட்டிக்கொள்ளுமா? தடித்த தூணுக்குப் பேட்டரி வேண்டாம். மூன்று பக்கமிருந்தும் அது கண்ணைக் கையைப் பிடித்து நடுவுக்கு அழைத்துப்போகும். மேற்பக்கம் திறந்திருப்பதால் பன்றியின் முதுகும் அதற்குப் பின்னால் இருப்பதும் மறைவின்றித் தெரியும்."

"கட்டை கட்டையா, அடுப்புக்கு வெறகு வச்ச மாதிரி இருக்கு மாப்ள அது. தூரத்துல ஒத்த ரூபாக் காச வச்சுச் சுடச் சொன்னா ஒன் கட்டை காசையே மறைச்சுப்புடும்."

"ஒப்புக்கொள்கிறேன். பன்றி ஒற்றை ரூபாய் அளவிலா இருக்கிறது, அத்தான்?"

வனவர் ஐயா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டையும் திடல்ல சுட்டுப் பாத்துத்தானய்யா வச்சிருக்கு. கழட்டி மாட்டுனாலும் குறி பெசகாது. எதுனாலும் சரி. சுடுறவன் முடிவு பண்ணட்டும்."

சுடுபவர் முடிவு பண்ணினார். புது ஸ்கோப்பு.

நியாயமாக நான் அத்தோடு ஒதுங்கியிருக்க வேண்டும். ஆனால் தோற்ற வாதத்தைக் களத்தில் வென்றெடுக்கும் வாய்ப்பை எவன் விடுவான்? வெளியாட்கள் வரக்கூடாது என்று வனவர் கண்டிப்பாகச் சொன்னபோது, நில உரிமையாளரின் தரப்புப் பிரதிநிதியாக நான் வரச் சட்டத்தில் தடையேதும் இல்லை என்று வாதிட்டேன். (தடை இருந்ததா என்று இன்றுவரை பார்க்கவில்லை.)

வள்ளிக்கண்ணு அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். காற்றுக் குரலில், "எனக்கெதுக்குடா வக்கீலு பெரதிநிதி? சரி, தொண்டதான் போயிருச்சு. எதுவும் கேக்கணும்னா எனக்காகக் கேக்க ஒரு ஆளு இருக்கட்டும்" என்றாள்.

வனவர் பெருமூச்சு விட்டார். "வாங்க தம்பி. ஆனா அங்க வந்து ஒத்த வார்த்த பேசக் கூடாது."

பேசுவதற்காக நியமிக்கப்பட்டு, பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு சென்ற உலகின் முதல் பிரதிநிதி நானாகத்தான் இருப்பேன்.

முதல் மாலை, மோட்டார் அறையை ஒட்டிய வாய்க்கால் கரைக்குப் பின்னால் அமர்ந்தோம். கரைமேல் மணல்மூட்டை, அதன்மேல் துப்பாக்கி. எதிரே கடலைக்காடு, அதற்கப்பால் உயர்ந்த கண்மாய்க் கரை. குறி தவறினாலும் குண்டை அந்தக் கரை வாங்கிக்கொள்ளும். வனவர் அத்தானுக்குப் பின்னால் முக்காலியில் அமர்ந்து பைனாகுலரைப் பிடித்திருந்தார். அத்தை மோட்டார் அறை வாசலில் குந்தியிருந்தாள். நான் இடப்பக்கம், வாய்க்கால் வளைந்து கடலைக்காட்டுக்குள் இறங்கும் பள்ளத்தில்.

கதிரவன் மறைந்து வெகுநேரம் வரை ஒன்றுமில்லை. கொசு மட்டும் பேசியது. பிறகு, பார்த்துக்கொண்டிருந்த புதரிலிருந்து ஒரு துண்டு தானாகப் பிரிந்து முன்னே வந்ததுபோல் ஒரு பன்றி. அதன் பின்னால் மேலும் சில. என் நெஞ்சு அடித்த அடியில் பன்றிக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து சட்டையை அழுத்திக்கொண்டேன். அத்தானின் முதுகு இறுகியது. அசைவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பன்றிகள் செடியைப் புரட்டும் சத்தம் கேட்டது. வேர் அறுபடும் சின்னச் சின்னச் சத்தம். ஒவ்வொன்றுக்கும் அத்தையின் தோள் உலுக்கிப் போட்டது. அத்தான் எதையோ திருகினார், மறுபடி பார்த்தார், மறுபடி திருகினார். அதற்குள் அவை தின்று, திரும்பி, புதருக்குள் கலந்துவிட்டன.

"என்ன சேகரு?" என்றார் வனவர்.

"வாட்டம் சரியா வரலங்கய்யா. ரிஸ்க் எடுக்க வேணாம்னுட்டேன்."

உண்மை என்னவென்று எனக்குத் தெரியும். கோடு தெரியவில்லை. புள்ளியை எரியவிட்டார், கண்கூசிப் பன்றி மறைந்தது. சொல்ல நா துடித்தது. நிபந்தனை நினைவுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். (நான் செய்த ஒரே தியாகம் இதுதான். தயவுசெய்து இதையும் கணக்கில் கொள்ளவும்.)

இரண்டாம் மாலை பன்றிகள் வரவேயில்லை. நாங்கள் கிளம்பிப் போன பிறகு வந்தன. விடிந்து பார்த்தபோது மேலும் நாலு பாத்தி மண்ணாய்க் கிடந்தது. அத்தை ஒரு செடியைக் கையில் எடுத்து வந்து எங்கள் முன் போட்டாள். வேரில் தொங்கிய கடலை பால் பிடித்து, ஓடு இன்னும் கெட்டிப்படாமல் இருந்தது. அவள் திட்டவில்லை. தொண்டை இருந்திருந்தால் திட்டியிருப்பாள். 

மூன்றாம் நாள், உத்தரவின் கடைசி நாள், வனவர் முடிவாகச் சொன்னார்: "சேகரு, அந்தக் கட்டைய மாட்டுய்யா. என்னதான் ஆகுதுன்னு பாப்போம்."

அத்தான் என்னைப் பார்க்காமல் மாட்டினார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மனத்துக்குள் மாலை சூட்டிக்கொண்டேன்.

அந்த மாலையை நான் மறக்க மாட்டேன். காற்று கண்மாய்ப் பக்கமிருந்து எங்கள்மேல் வீசியது. எங்கள் வாடை பன்றிக்குப் போகாது. வானத்தில் கடைசிச் சிவப்பும் வடிந்து, எல்லாம் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்தது. தூரத்தில் திருச்சி நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சல். பக்கத்தில் வனவரின் மூச்சு. பள்ளத்திலிருந்து எனக்குக் கடலைக்காடு சரியாகத் தெரியவில்லை. வாய்க்கால் பள்ளத்தோடு குனிந்து, முழங்காலால் நகர்ந்து, முன்னே போனேன். கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, துப்பாக்கிக்குப் பதினைந்து அடி முன்னால் போய்விட்டிருந்தேன் என்பதை நானும் கவனிக்கவில்லை, குறியில் கண்ணாயிருந்த மற்றவர்களும் கவனிக்கவில்லை.

வந்தன.

ஆறு. முதலில் வந்தது கன்றுக்குட்டி அளவு இருந்தது. கரையிலிருந்து இறங்கி நின்று, மூக்கைத் தூக்கிக் காற்றைப் படித்தது. நான் மூச்சை நிறுத்தினேன். அது ஓரடி வைத்தது, நின்றது. இன்னோரடி. பின்னாலிருந்தவை அதை முந்தப் பார்த்தன. அது முதுகைக் காட்டித் தடுத்தது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, தலையைக் குனிந்து, முதல் செடியைப் புரட்டியது. வேர் அறுபடும் சத்தம். முழு உடம்பும் குறுக்கே நின்றது. இதைவிட நல்ல வாட்டம் இனி வராது. அந்த நொடியில் ஓர் ஏக்கர் கடலையும் அத்தையின் ஒரு வருஷமும் அத்தானின் மானமும் ஒரு தூணின் முனையில் வந்து நின்றன.

அமைதி.

அந்த அமைதிக்குள், பின்னாலிருந்து, மெல்ல, கிட்டத்தட்ட மூச்சாக, அத்தானின் குரல் வந்தது. அது என்னை நோக்கிச் சொன்னதுகூட இல்லை என்று பிற்பாடு அவர் சத்தியம் செய்தார். கண்ணெதிரில் மூன்று தூண்களும் கல்வெட்டைப்போல் துலங்க, நடுவில் பன்றி தெளிவாக நிற்க, மூன்று நாள் பாரம் இறங்கிய நிம்மதியில் தன்னை மறந்து சொன்னாராம்:

"அட... தெரியுதுடா. மாப்ள சொன்னது சரிதான்."

என் கால்கள் என்னைக் கேட்கவில்லை.

எழுந்தேன். வாய்க்காலிலிருந்து ஏறினேன். மேடையின் நடுவுக்கு வந்தேன். அதாவது கடலைக்காட்டின் நடுவுக்கு. எதிராளியைப் பார்க்காமல் நடுவரை நோக்கித் திரும்பினேன். அதாவது பன்றிகளுக்கு முதுகைக் காட்டி, துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டினேன். வலக்கையை உயர்த்தினேன்.

"நடுவர் அவர்களே! எதிரணித் தலைவர் சற்றுமுன் இதே அவையில் தம் திருவாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்! ஜெர்மானியக் குறிக்கோடே சிறந்தது, சிறந்தது, சிறந்தது!"

மூன்றாவது 'சிறந்தது' கண்மாய்க் கரையில் மோதித் திரும்பி வந்தது. வழக்கப்படி கைதட்டலுக்காக ஒரு நொடி நிறுத்தினேன்.

பின்னால் மண் அதிரும் ஓசை. புதர் முறியும் ஓசை. பிறகு எதுவுமில்லை.

"சேகரு." வனவரின் குரல் அவருடையதுபோலவே இல்லை. "கைய எடு. தள்ளி வை. மெதுவா... மெதுவா."

அத்தான் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை வெளியே எடுத்தார். அது கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. குனிந்து அதை எடுக்க இரண்டு முறை முயன்றார், முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான், நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது. விளங்கியதும் நானும் கடலைச் செடிமேல் அமர்ந்துவிட்டேன்.

"மாப்ள," என்றார் அத்தான். "கட்டைக்கு மேல பன்னி விலா. வெரல உள்ள விடப் போறேன். பொசுக்குன்னு பன்னி ஒடம்புல கட்டம் போட்ட சட்டை. ஒன் சட்டை. மூணாவது பொத்தான், சரியா அந்த முனையில நிக்கிது. தெளிவாத் தெரிஞ்சுச்சுடா. அந்தப் புது ஸ்கோப்பா இருந்திருந்தா கறுப்பா எதோ அசையுதுன்னு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும். அமுக்கியிருப்பேன்."

ஜெர்மன் குறிக்கோட்டின் சிறப்புகள் பற்றி நான் திரட்டியிருந்த குறிப்புகளில் இந்தச் சிறப்பு இல்லை.

வனவர் என்னைத் திட்டவில்லை. டார்ச்சை இடுக்கிக்கொண்டு பதிவேட்டைத் திறந்து எழுதினார். மறுநாள் அத்தான் அதை எட்டிப் பார்த்திருக்கிறார். "எதிர்பாராத சொற்பொழிவு காரணமாகப் பணி நிறைவேறவில்லை" என்று இருந்ததாம். என் பெயரை எழுதவில்லை. அது கருணை என்று நானும், வெட்கம் என்று அத்தானும் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

உத்தரவு முடிந்தது. துப்பாக்கி வண்டியேறிப் போயிற்று. அத்தை வயலுக்குள் இறங்கி, டார்ச் ஒளியில் ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். தொண்டையில் மிச்சமிருந்த காற்றையெல்லாம் திரட்டினாள்.

"வாயாடா அது? நாலு ஊருக்குத் தண்ணி எறைக்கலாம்டா அந்த வாயில. பெரதிநிதியாம், பெரதிநிதி! எனக்காகப் பேசுடான்னா பன்னிக்காகப் பேசிட்டு நிக்கிறான்!"



வீட்டில் அக்கா சிரிக்கவில்லை. அத்தான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து வந்து, என் சட்டையின் மூன்றாவது பொத்தானை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கரண்டியால் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அத்தான் தோளிலும் ஒன்று. "ஒத்துக்கிறவரு வாய மூடிட்டு ஒத்துக்கிட வேண்டியதுதான?" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

மறுநாள் மாலை நாலு மணிக்கு வள்ளிக்கண்ணு அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நான் பின்கட்டுக்கு நகர்ந்தேன்.

"ஏய் வக்கீலு, எங்கிட்டுப் போற? இங்கிட்டு வா. நேத்து ஓடுனதுக ஓடுனதுகதான். விடியிற வரைக்கும் ஒண்ணும் எறங்கல. ஒத்தச் செடி போகல. இந்த ரெண்டு வாரத்துல இதான் மொத நாளு."

"மகிழ்ச்சி அத்தை."

"மகிழ்ச்சியெல்லாம் இருக்கட்டும். தகரத்துக்குப் பழகிருச்சு, எனக்குப் பழகிருச்சு. ஒனக்கு இன்னும் பழகல. கெளம்பு. கடல முத்துற வரைக்கும் நீதான் வந்து பேசணும்."

"என்ன பேசுவது?"

"நேத்து பேசுனதையே பேசு. எனக்கா புரியணும்?"

மறுக்க முடியுமா? மோட்டார் அறைக் கூரைமேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். அன்று முதல் ஒன்பது மாலைகள், பொழுது சாயும் நேரத்தில், அந்தக் கூரைமேல் நின்று, காலியான கடலைக்காட்டை நோக்கி, ஜெர்மானியக் குறிக்கோட்டின் மேன்மையைப் பற்றி நான் சொற்பொழிவாற்றினேன். பேருந்தில் வேலையிலிருந்து திரும்பும் ஊர்க்காரர்கள் இறங்கி, நின்று, கேட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். சட்டம் படித்த பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற வருத்தம் அந்தத் தலையாட்டலில் இருந்தது.

நான்காம் நாள்தான் சோதனை. மங்கலில் கண்மாய்க் கரைமேல் அந்தப் பெரிய பன்றி வந்து நின்றது. இறங்கவில்லை, போகவுமில்லை. என்னையே பார்த்தது. கீழே அத்தை சேலை முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள். நான் தூண்களின் தடிமனைப் பற்றிய பகுதியில் இருந்தேன். நிறுத்தினால் இறங்கிவிடும் என்று தோன்றியது. மேடையில் எத்தனையோ எதிராளிகளைப் பார்த்திருக்கிறேன். இத்தனை பொறுமையோடு, முகத்தில் எந்தச் சலனமும் இன்றி, என் வாதத்தை முழுதாகக் கேட்ட எதிராளி அதுவரை வாய்த்ததில்லை. மேற்புறம் திறந்திருப்பதன் நன்மையை விளக்கினேன். மின்கலம் வேண்டாம் என்பதை இரண்டு முறை சொன்னேன். குரல் உடைந்தது; உடைந்த குரலிலேயே உயர்த்தினேன். "ஆகவே" என்று நான் கையை வீசியபோது அது திரும்பி நடந்தது. ஓடவில்லை. கேட்டது போதும் என்பதுபோல் நடந்து போயிற்று.

பத்தாம் நாள் கடலை பிடுங்கினார்கள். பன்றி விட்டுவைத்தது முழுதாக வீடு வந்து சேர்ந்தது. அத்தை ஒரு சாக்கு நிறையப் பச்சைக் கடலை கொண்டுவந்து வைத்தாள். சும்மா வைக்கவில்லை; கடைசி நாள் பேச்சைத் தன் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பதாகவும் சொன்னாள்.

அதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. மணமேல்குடியிலிருந்து பைக்கில் மீன் கொண்டுவருபவர் தம் பழைய ஒலிபெருக்கியை அத்தையிடம் கொடுத்தார். அடுத்த பட்டத்தில் அத்தையின் வயலில் நான் மாலைதோறும் முழங்கினேன், நேரில் போகாமலே. பிறகு பக்கத்து வயல்காரர் கேட்டார். பிறகு பக்கத்து ஊர். கடலைப் பட்டம் வந்தால் எங்கள் பக்கத்தில் நாலு திசையிலிருந்தும் என் குரல் எழும். நடுநடுவே, பழைய பதிவு முழுதாக அழியாததால், "நெத்திலி, சங்கரா, நகர!" என்ற அழைப்பும் கேட்கும். ஊரில் இன்று பத்துப் பேருக்காவது மேற்புறம் திறந்த குறிக்கோட்டின் நன்மைகள் ஒப்பிக்க வரும். அவர்களில் ஒருவர்கூடத் துப்பாக்கியைத் தொட்டதில்லை.

அத்தான் அதன் பிறகு எந்தப் பணிக்குப் போனாலும் கட்டையைத்தான் மாட்டுகிறார். ஆனால் என்னிடம் எதையும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. சாம்பாரில் உப்புக் கூட என்று நான் சொன்னால்கூட, முதலில் "உக்காரு" என்பார். நான் உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்று காட்டிய பிறகும், என் தோள்மேல் ஒரு கையை அழுத்தி வைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான், "ம்... சரிதான்" என்பார். அவருடைய பிள்ளைகளும் இப்போது அப்படியே செய்கிறார்கள். என் திருமணப் பேச்சின்போது பெண் வீட்டார் முன்னிலையிலும் செய்தார்கள்.

இந்தப் பங்குனியில் வள்ளிக்கண்ணு அத்தையிடமிருந்து அழைப்பு வந்தது. தொண்டை நன்றாகத் தேறி, கணீரென்றிருந்தது குரல்.

"வக்கீலு, சங்கதி மோசமாயிருச்சு. பன்னிகளுக்கு ஒன் பேச்சு மனப்பாடம் ஆயிருச்சு. நேத்து ஒண்ணு ஸ்பீக்கர் நெழல்லயே படுத்து ஒறங்குது. புதுசா ஒண்ணு பேசி அனுப்பு."

"எந்தத் தலைப்பில் அத்தை?"

"எதுனாலும் பேசு. ஒங்க அத்தான எதுக்க ஒக்கார வச்சு, அவரு எதச் சொன்னாலும் மறுத்துப் பேசு. அப்பத்தான் ஒனக்குக் குரலு வருது."